9 அடி 4 இன்ச் கஸ்டம் லாங்போர்டு: நம்ம ஈ.சி.ஆர் மணல் அலையில அஞ்சு மாசம்

மொதல்லயே சொல்லிடுறேன், இது அலை மேல சர்ஃபிங் பண்ற நீளப் பலகை, நல்ல போர்டு, ஆனா நான் கேட்ட போர்டு இல்ல. நான் கேட்டது ஒண்ணு, ஷேப்பர் (போர்டு செதுக்கி செய்றவர்) செஞ்சு குடுத்தது ஒண்ணு, நடுவுல மூணு வாரம் வாட்ஸ்அப்ல நடந்த சண்டைதான் இந்த ரிவ்யூல முக்கால்வாசி. யாரு செஞ்சதுன்னு பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அவரு பாண்டி பக்கம் சின்னதா ஒரு ஷெட் போட்டு ஒத்தையா வேலை பாக்குற மனுஷன்.

என்னப் பத்தி ரெண்டு வரி, அது தெரியாம லாங்போர்டு ரிவ்யூ படிச்சு பிரயோஜனமே இல்ல. வயசு 41, உயரம் 5 அடி 9, எடை 84 (தீபாவளி முடிஞ்சா 86). ஏழு வருஷம் முன்னாடி நம்ம ஈ.சி.ஆர் கோவளத்துல வாடகை சாஃப்ட் டாப்ல (புதுசா கத்துக்குறவங்களுக்கான மெத்துன்னு இருக்கிற போர்டு) கத்துக்கிட்டது. போர்டுல நிக்கிறப்போ இடது கால் முன்னாடி. வாரத்துல மூணு நாள் காலையில கடல்ல இறங்குவேன், ஒண்ணரை மணி நேரம்தான், எட்டு மணிக்குள்ள வீட்ல இல்லன்னா பொண்ணுக்கு ஸ்கூல் வேன் போயிடும். சனிக்கிழமை மட்டும் கோவளம், மத்த ரெண்டு நாளும் கொட்டிவாக்கம் நீலாங்கரை பக்கம் வீட்டுக்கு நேரா எது இருக்கோ அது.

இந்த "எது இருக்கோ அது"தான் விஷயமே. கோவளத்துல பாறை இருக்கு, தெக்கேயிருந்து வர்ற அலை பாறைய ஒட்டி மடங்கி வரிசையா உடையும், உக்காந்த எடத்துல உக்காந்துட்டு இருந்தா ரைட்டு (வலது பக்கமா ஓடுற அலை) ஒண்ணு ஒண்ணா வரும், நீளமா ஓடும். வடக்க வந்தா பாறை கீறை ஒண்ணும் கெடையாது, வெறும் மணல். மணல் திட்டு இன்னைக்கு இங்க இருக்கும், அடுத்த வாரம் நூறு அடி தள்ளி இருக்கும், புயல் அடிச்சா மொத்தமா காலி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து போனப்புறம் நான் ரெண்டு வருஷமா இறங்கிட்டு இருந்த எடத்துல கழுத்தளவு தண்ணி, அலையே உடையல, நேரா கரையில வந்து தொப்புன்னு விழுது. அலை உடைஞ்சாலும் பாதி நேரம் இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சமயத்துல சாத்திக்கும், கடை ஷட்டர் இறக்குற மாதிரி. நமக்குக் கெடைக்கிறது நாலு செகண்ட், அஞ்சு செகண்ட். (இழுப்பும் மோசம், நீச்சல் தெரியாதவங்க, புதுசா கத்துக்குறவங்க தயவுசெஞ்சு இங்க இறங்காதீங்க, கோவளத்துல சொல்லித்தர ஆள் இருக்காங்க, அங்க போங்க.)

இப்போ நான் என்ன கேட்டேன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. 9 அடி 8 இன்ச், அகல மூக்கு, கிட்டத்தட்ட தட்டையான அடி, அடியில 10 இன்ச் ஒத்த ஃபின் (மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறது), கனமான கண்ணாடித் துணி, மொத்தம் ஒரு 11 கிலோ. ஏன்னா ராத்திரி பூரா கலிஃபோர்னியா வீடியோ பாத்துட்டு இருந்தேன், ஒருத்தர் மூக்கு நுனி வரைக்கும் நடந்து போயி கால் விரல் பத்தையும் தொங்கவிட்டுட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு, அலை பாட்டுக்கு போயிட்டே இருக்கு, போயிட்டே இருக்கு. அது வேணும் எனக்கு.

ஷேப்பர் விலை எதுவும் சொல்லல. "எங்க ஓட்டப்போறீங்க ப்ரோ, கரையிலருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க"ன்னாரு. அனுப்புனேன். மறுநாள் வாய்ஸ் மெசேஜ்: "நான் எண்ணிப் பாத்தேன், அலை நிமிர்றதுலருந்து சாத்துற வரைக்கும் அஞ்சு செகண்ட் வருது. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சு, திருப்பி, நடந்து, மூக்குல நின்னு, திரும்பி வரணும், முடியுமா?" எனக்கு கோவம். காசு என்னோடது, போர்டு என்னோடது, நீங்க யாருங்கன்னு கேக்காத குறைதான். ஆனா இந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருக்கு ரெண்டு ஸ்டார் சேத்துப் போடுவேன். இதுக்கு முன்னாடி விசாரிச்ச ஒரு கடையில எடை எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு கேட்டுட்டு லிட்டர் கணக்கு ஒண்ணு சொன்னாங்க, அலைய பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

லிட்டர் மேல எல்லாருக்கும் ஒரு மயக்கம். லாங்போர்டுல அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லீங்க. 9 அடி தாண்டிட்டா என்ன மாதிரி ஆளுக்கு மிதக்குறது பிரச்சனையே கெடையாது, 65 லிட்டரா 72 லிட்டரான்னு தண்ணிக்குள்ள தெரியப்போறது இல்ல. தெரியறது வளைவு. போர்ட தரையில வச்சா மூக்கு எவ்வளவு தூக்கிருக்கு, வாலு எவ்வளவு தூக்கிருக்குன்னு பாக்குறோமே, ராக்கர், அது. அடி தட்டையா இருந்தா கையால துடுப்பு போடுறப்போ வேகமா போகும், அலை சின்னதா இருக்கப்பவே புடிச்சிடலாம், நீளமான சாதுவான அலையில சொர்க்கம். அதே போர்டு நம்ம மணல் அலையில, அலை திடீர்னு செங்குத்தா நிமிர்றப்போ, மூக்க நேரா கொண்டுபோய் தண்ணியில குத்தும். நீங்க முன்னாடி பறப்பீங்க, பின்னாடியே 11 கிலோ பறந்து வரும்.

இத நான் ஷேப்பர் சொன்னப்போ ஒத்துக்கல, சத்தியமா. ஒரு நண்பரோட 9'8 போர்ட கடன் வாங்கிட்டு வந்து கொட்டிவாக்கத்துல இறங்கி நிரூபிக்கலாம்னு பாத்தேன். எட்டு அலை போட்டு ஆறு தடவ குத்துச்சு. கரையில வலை பிரிச்சிட்டு இருந்த ஒரு பெரியவர் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்திருக்காரு. மேல வந்தப்போ போர்ட கையில வாங்கி மணல்ல வச்சு, குனிஞ்சு பக்கவாட்டுல ஒரு கண்ண மூடிட்டு பாத்தாரு. "அணியம் தூக்கல் பத்தாது தம்பி, குத்தாம என்ன பண்ணும்?" அவ்வளவுதான். கட்டுமரத்துல முன்பக்கம் மேல தூக்கி செதுக்கியிருக்கும்ல, அந்த அணியம். அவரு சின்ன வயசுல இதே அலைய தாண்டித்தான் தினம் மரம் தள்ளிட்டு போயிருக்காரு, திரும்பி வர்றப்போ இதே அலை மேலதான் வந்து ஏறியிருக்காரு. நான் அன்னைக்கு சாயங்காலமே ஷேப்பருக்கு மெசேஜ் போட்டேன், நீங்க சொல்ற மாதிரியே செய்யுங்கன்னு. பெரியவர் கதைய மட்டும் சொல்லல, மானம் போயிடும்.

கடைசியா முடிவானது: 9 அடி 4 இன்ச் நீளம், 23 இன்ச் அகலம், 3 இன்ச் கனம், அவரு கணக்குல 71 லிட்டர். மூக்கு தூக்கல் 5 இன்ச்சுக்கு கொஞ்சம் கம்மி, வாலு மூணரைக்கு கொஞ்சம் கம்மி. மூக்குக்கு அடியில லேசா ஒரு குழிவு, என் ஆசைக்கு அவரு போட்ட பிச்சை, நல்ல நாள்ல ரெண்டு அடி முன்னாடி நடந்து போனா தூக்கிப் புடிக்கும். வாலு சதுரத்த கொஞ்சம் மழுக்குன மாதிரி, ஸ்குவாஷ். ரெயில், அதாவது ஓரம், முன்னாடி பாதி நல்லா உருண்டையா இருக்கு, பின்னாடி போகப்போக கீழ கூர்மையாகி கடைசி ஒன்றரை அடியில விரல் வச்சா விளிம்பு தெரியும். இத சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. ஓரம் பூரா உருண்டையா இருந்தா தண்ணி ஒட்டிக்கிட்டே போகும், போர்டு நிதானமா இருக்கும், ஆனா திருப்புறதுக்குள்ள அலை முடிஞ்சிடும். பின்னாடி அந்த விளிம்பு இருந்தா தண்ணி வெட்டிக்கிட்டு விட்டுடும், சட்டுன்னு திரும்பும். அஞ்சு செகண்ட் அலைக்கு அதுதான் உயிர்.

ஃபின் விஷயத்துல பாதி பாதி ஒத்துப்போனோம். ஃபின் மாட்டுறதுக்கு நடுவுல நீள பாக்ஸ், ரெண்டு பக்கமும் சின்ன பாக்ஸ். நடுவுல 7 இன்ச், பக்கத்துல சின்னது ரெண்டு போட்டா மணல் அலையில புடிப்பு நல்லாருக்கு. சனிக்கிழமை கோவளம் போறப்போ பக்கத்து ரெண்டையும் கழட்டிட்டு நடுவுல ஒன்பதரை மாட்டிக்குவேன், அதே போர்டு வேற ஆள் மாதிரி ஓடும். நடு ஃபின்ன பாக்ஸுக்குள்ள ஒரு இன்ச் முன்னாடி தள்ளுனா லூசா திரும்புது, பின்னாடி தள்ளுனா ரயில் மாதிரி நேரா போகுது. வாங்குன முதல் மாசம் நான் இத தொடவே இல்ல, அவரு மாட்டிக்குடுத்த எடத்துலயே விட்டுட்டு போர்டு மந்தமா இருக்குன்னு புலம்பிட்டு இருந்தேன். ஒரு ஸ்க்ரூதான்யா அது.

அடுத்து எல்லாரும் கேக்குறது, போர்டு எதுல செஞ்சது, பி.யூ வா (பாலியூரித்தேன் நுரை) எபாக்ஸியா. என் பதில் பி.யூ, காரணம் கொஞ்சம் உள்ளூர் காரணம். எபாக்ஸி போர்டுன்னு நாம சொல்றதுக்குள்ள இருக்கிறது இ.பி.எஸ், அதாவது நம்ம தெர்மாகோல் சாதிதான், நல்ல தரமானது. லேசு, நல்லா மிதக்கும், சின்ன அடிக்கு சீக்கிரம் பள்ளம் விழாது. 2005 டிசம்பர்ல கலிஃபோர்னியாவுல கிளார்க் ஃபோம்னு பெரிய கம்பெனி ஒரே நாள்ல கதவ சாத்துனப்போ பாதி உலகத்துக்கு பி.யூ ப்ளாங்க் (செதுக்குறதுக்கு முந்தின நுரைக் கட்டை) கெடைக்காம போச்சு, அதுக்கப்புறம்தான் இது இவ்வளவு பரவுச்சுன்னு ஷேப்பர் ஒரு மணி நேரம் கதை சொன்னாரு. எல்லாம் சரி. ஆனா போர்டு உடைஞ்சா யாரு ஒட்டுவா? இங்க குப்பத்துக்கு குப்பம் ஃபைபர் போட் ஒட்டுற ஆள் இருக்காங்க, அவங்க கையில இருக்கிறது பாலியஸ்டர் ரெசின். அந்த ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு கரைப்பான் இருக்கு, அத இ.பி.எஸ் மேல ஊத்துனா தெர்மாகோல் மேல பெட்ரோல் ஊத்துன கதைதான், உள்ள கரைஞ்சு பொத்தல் ஆயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போர்டு அப்படித்தான் போச்சு, காலையில விரல் அளவு ஓட்டை, சாயங்காலம் கை உள்ள போகுது. பி.யூ போர்டுக்கு அந்தத் தொந்தரவு இல்ல. ஜூன்ல எனக்கு ஓரத்துல ஒரு வெடிப்பு வந்துச்சு, போட் ஒட்டுற அண்ணன் காய வச்சு, தேய்ச்சு, ரெசின் போட்டு 500 ரூபாய்க்கு முடிச்சுக்குடுத்தாரு. அவங்க போடுற ஃபைபர் மேட் கனம் ஜாஸ்தி, அதனால கண்ணாடித் துணி ஒரு முழம் நாமளே கொண்டுபோய் குடுத்துடணும், இல்லன்னா அந்த எடம் மட்டும் போட் மாதிரியே ஆயிடும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கு, தண்ணி எறங்கல, போதும்.

இன்னொண்ணு வெயில். மே மாசம் கார் டிக்கியிலயோ மேலயோ போர்ட கட்டிவச்சுட்டு டிபன் சாப்பிட போனீங்கன்னா, இ.பி.எஸ்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு தோலு அப்பளம் மாதிரி உப்பிடும். பி.யூவும் வெயில்ல கெட்டுத்தான் போகும், மஞ்சளாகும், ஆனா இவ்வளவு சீக்கிரம் உப்பாது. அப்பவும் நிழல்ல வைங்க.

வெயில்னு சொன்னதும் ஞாபகம் வருது, கலர். இது முழுக்க என் முட்டாள்தனம். அவரு வெள்ளை இல்லன்னா வெளிர் கலர் போடுங்கன்னு கெஞ்சுனாரு, நான் மேல்பக்கம் பாட்டில் பச்சை டின்ட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். போட்டோவுல பிரமாதம், மூணு பேரு எங்க செஞ்சீங்கன்னு கேட்டாங்க. ஏப்ரல் காலை ஏழரைக்கே கரையில பத்து நிமிஷம் வச்சா, கால் வழுக்காம இருக்க மேல தேய்க்கிற வாக்ஸ் உருகி எண்ணெய் மாதிரி ஓடுது, மணலும் சேந்து ஒட்டிக்குது. சூடான ஊருக்குன்னே வர்ற ட்ராபிகல் வாக்ஸ்தான் போடுறேன், அப்பவும். இப்போ பழைய வேட்டி ஒண்ணு நனைச்சு மேல போத்திதான் வைக்கிறேன். பாக்குறவங்க பொணம்னு நினைச்சு கிட்ட வந்து பாக்குறாங்க.

கனம் 8 கிலோ சொச்சம். மேல ரெண்டு அடுக்கு 6 அவுன்ஸ் துணி, கீழ ஒரு அடுக்கு. இதுக்கு கொறைச்சு போட்டா லேசா இருக்கும்னு சொல்வாங்க, வேண்டாம், கரை உடைப்புல ஒரு தடவ மணல்ல குத்துனா தெரியும். அஞ்சு மாசத்துல மேல என் முட்டி, குதிகால் பட்ட எடத்துல மட்டும் லேசா பள்ளம், அது எல்லா போர்டுலயும் விழுறதுதான்.

சரி, எப்படி ஓடுது? முதல் மாசம் ஏமாத்தம், ஃபின் கதை மேல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஏப்ரல் கடைசில தெக்கேயிருந்து நீளமான இடைவெளி விட்டு ஸ்வெல் (தூரக் கடல்லருந்து வர்ற அலை) வந்துச்சு, இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு மையம்) எச்சரிக்கை போடுற அளவுக்கு இல்ல, இடுப்பு ஒசரம்தான். காலையில கச்சான் காத்து, கரையிலருந்து கடலுக்கு, அலை மூஞ்சி கண்ணாடி மாதிரி. அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அலை நிமிர்றதுக்கு முன்னாடியே கையால ரெண்டு துடுப்பு போட்டாலே ஏறிடுது, ஆனா கீழ எறங்குறப்போ மூக்கு மேலயே நிக்குது, வால்ல கால அழுத்துனா அந்த விளிம்பு புடிச்சு ரைட்டுக்கு திரும்பிடுது, சாத்துறதுக்கு முன்னாடி அலையோட இன்னும் உடையாத ஓரத்து மேல ஏறி வெளிய வந்துடலாம். பழைய சாஃப்ட் டாப்ல பத்துக்கு ரெண்டு அலை இப்படி தப்பிக்கும், இதுல ஆறு ஏழு. மூக்குல நடக்குறதா? அஞ்சு மாசத்துல மணல் அலையில உருப்படியா மூணு தடவ, அதுவும் அஞ்சு விரல்தான். கோவளத்துல தினமும் எறங்குறவங்க இந்த போர்ட வாங்காதீங்க, உங்களுக்கு நான் மொதல்ல கேட்ட அந்த தட்டை 9'8தான் சரி. அங்க அத ஓட்டுற ஆள பாக்கும்போது எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

நெஞ்சு ஒசரத்துக்கு மேல போனா இதுவும் கஷ்டம், அலைக்கு அடியில போர்ட முக்கி தாண்ட முடியாது, 71 லிட்டர எங்க முக்குறது, கவுத்துப் போட்டு கீழ தொங்கணும், மூணு தடவ தொங்குனா கை செத்துடும். 2025 ஆகஸ்ட்ல மகாபலிபுரத்துல நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்ப பாக்கப் போயிருந்தேன், நம்ம ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்குனது அதுலதான். அவங்க அந்த சின்ன போர்டுல அலைய கிழிக்கிறத பாத்துட்டு வந்து மூணு பேரு லாங்போர்ட வித்துட்டு ஷார்ட்போர்டு வாங்கிட்டாங்க எங்க குரூப்ல. இப்போ மூணு பேரும் என் போர்ட ஒரு அலைக்கு குடுன்னு கேக்குறாங்க.

குறைங்க. ஆறு வாரம்னு சொன்னாரு, பதினோரு வாரம் ஆச்சு. ப்ளாங்க் வரல, மழை, ரெசின் காயல, கரன்ட் இல்ல, எல்லா காரணமும் வந்துச்சு, அதுல பாதி உண்மையாவும் இருக்கும், ஆனா நானா கேட்டாத்தான் பதில். கையில வந்தப்போ பளபளப்பு கோட்டுல ஊசி முனை அளவு ஓட்டை நாலஞ்சு இருந்துச்சு, ஒண்ணு வழியா தண்ணி உள்ள எறங்குற மாதிரி சந்தேகம், நானே சூப்பர் க்ளூ வச்சு அடைச்சேன். பெரிய குறை, இடது பக்க சின்ன ஃபின் பாக்ஸ் வலதுக்கு நேரா இல்ல, ஸ்கேல் வச்சா 4 மில்லிமீட்டர் பின்னாடி. போட்டோ அனுப்புனேன். "ஓட்டும்போது தெரியாது ப்ரோ"ன்னாரு. ஓட்டும்போது தெரியலதான், ஆனா 62,000 ரூபாய் குடுத்திருக்கேன், கண்ணுக்கு தெரியுதே. சண்டை போட்டப்புறம் அடுத்த போர்டுல தள்ளுபடி தர்றேன்னாரு. அடுத்த போர்டுன்னு ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போகணும்னு அவருக்கு யாரு சொல்றது.

வாங்குறதுக்கு முன்னாடி வீட்டையும் அளந்துக்கோங்க. 9'4ன்னா 284 சென்டிமீட்டர். எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல சாச்சு வச்சாலும் ஏறல, மூணு மாடி படியில தூக்கிட்டு போறேன், ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு வீட்டு காலிங் பெல்ல மூக்கு இடிக்கும். கார் மேல துணி ரேக் போட்டு கட்டிக்கலாம், மூக்கு பின்பக்கம் பாத்து இருக்கணும், பட்டை ரொம்ப இறுக்கக்கூடாது. பேக், லீஷ் (போர்ட கால்ல கட்டுற கயிறு), ஃபின் மூணும் தனி காசு, அதுக்கு இன்னொரு 11,000 ஆச்சு, இத எவனும் மொதல்ல சொல்றது இல்ல. லீஷ் 9 அடியே வாங்குங்க, குட்டையா வாங்குனா போர்டு சுண்டிட்டு வந்து மண்டையில அடிக்கும்.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். அந்த ஒண்ணு பாக்ஸுக்கும் பதினோரு வாரத்துக்கும். இப்போ தெக்கத்தி அலை கொறைஞ்சிட்டு வருது, வாடை தொடங்குனா அலை வடகிழக்குலருந்து வரும், ரைட்டு போயி லெஃப்ட்டு ஆயிடும், நான் அலைக்கு முதுகு காட்டி ஓட்டணும், இடது ஃபின் வேலை செய்யப்போறது அப்பதான். அந்த 4 மில்லிமீட்டர் தெரியுதா இல்லையான்னு டிசம்பர்ல இங்கயே கீழ சேத்து எழுதுறேன்.